பேண்டேஜ் துணி பற்றி ஒரு செய்தி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் வெளிநாட்டு நிருபர். எங்கே குண்டு விழுந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே அதில் பெருமை, அப்பாவைத் தவிர. "ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இவனுக்கு நாடே ரெண்டுபடணும்" என்பார். நான் போரைப் பற்றி வாயெடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். ஒரே ஒரு தடவை "அங்க என்னலே நடக்கு?" என்று கேட்கமாட்டாரா என்று ஏங்கினேன். முப்பத்திரண்டு வயதில் இது வெட்கக்கேடுதான். ஆனாலும் ஏங்கினேன்.

அவருக்கு பேண்டேஜ் துணி ஆலையில் வேலை. வெளுத்து வந்த துணியில் ஒரு துண்டு வெட்டி, வாளித் தண்ணீரில் போட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். நெசவுக்கு முன் நூலில் ஏற்றிய கஞ்சி நன்றாகப் போயிருந்தால் துணி சட்டென்று மூழ்கிவிடும். மிதந்தால் அந்த லாட் முழுவதும் திரும்பப் போகும், முதலாளியே வந்து கெஞ்சினாலும்.

அந்தச் சமயத்தில் ஒரு பாலைவன நாட்டுப் போரில் எனக்கும் காயம் பட்டது. குண்டு இல்லை, உடைந்த பஸ் கண்ணாடி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டுப் போடப் பிரித்த பொட்டலத்தில் 'ராஜபாளையம்' என்று அச்சடித்திருந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். அதிர்ச்சியில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து அவள் எனக்கு ஊசி போட்டுவிட்டாள்.

விடுப்பில் வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எல்லோரும் என்னை மொய்த்துக்கொண்டார்கள். எத்தனை டாங்கி, எந்தப் பாலம் என்று அளந்துவிட்டேன். கடைசியில் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டி, கட்டுப் போட்டது நம்ம ஊர்த் துணி என்றேன். பக்கத்து இலையில் அப்பாவின் கை நின்றது.

"ரத்தத்த உடனே உறிஞ்சுச்சா, மேலாக்க நின்னுச்சா?"

"கவனிக்கலப்பா."

"நூலு பிரிஞ்சு புண்ணுல ஒட்டுச்சா?"

"தெரியலப்பா."

"எம்புட்டு டாங்கின்னு எண்ணத் தெரிஞ்சுச்சு. ஒன் கையில கட்டுனதப் பாக்கலயா? நீயெல்லாம் என்னலே நிருபர்?"

பந்தியே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மனுஷன் கேட்டதில் என்ன தப்பு?

இரண்டு மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரிக்குப் போய் நோட்டும் கையுமாக நின்றேன். ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொடையில் காயம். கட்டுப் போடவந்த நர்ஸின் கையைக் கடித்துவைத்தாள், அப்படி ஒரு ராங்கி. துணியை வைத்ததும் எண்ணினேன். மறுநாள் கட்டுப் பிரிக்கும்போதும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஹோட்டலில் நிருபர்களுக்கென்று இருந்த சாட்டிலைட் போனில் ஆலைக்குக் கூப்பிட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் அப்பா வந்தார்.

"மூணு எண்ணுறதுக்குள்ள உறிஞ்சிருச்சுப்பா. நூல் ஒண்ணுகூடப் பிரியல."

"கஞ்சி வாடை?"

"இல்ல."

ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"யாருக்குலே கட்டுனாக?"

சொன்னேன். கடித்ததையும் சொன்னேன். சிரித்தார். பிறகு குரல் தணிந்துவிட்டது.

"பச்சப்புள்ளைய எதுக்குலே அடிச்சானுக? அதோட ஆத்தா அப்பன் எங்க? அங்க என்னதாம்லே நடக்கு?"

பத்து வருடமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்துக் கட்டிலில் இருக்கிறாள், அப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"நாளைக்கும் போயிப் பாத்துட்டு போன் போடு" என்றார்.

மறுநாள் காலையில் என்னைத் தலைநகருக்கு வரச்சொல்லி ஆசிரியரிடமிருந்து தந்தி வந்திருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.