அம்மா கை தட்டிய ஞாயிறு

பதினாறு வயதில் எனக்கு மூட்டுவாதம் வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். விறைத்த முழங்காலோடுதான் விழுப்புரத்தில் பட்டப்படிப்பை முடித்தேன். இப்போது திண்டிவனத்தில் வேலை. ஞாயிறு காலைகளில் ஏரிக்கரைக்குப் போய்ப் பறவை பார்ப்பேன். எங்காவது விழுந்துவிடுவேன் என்று அம்மாவுக்குப் பயம்.

"நானும் வந்து பாக்கறேன். சரிப்படலன்னா இனிமே போவக்கூடாது" என்று ஒருநாள் கூடவே வந்தாள்.

கரையோரம் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக நின்றன. பார்த்ததும் அம்மா "ஓய்" என்று கத்திக் கை தட்டினாள். எல்லாம் பறந்துவிட்டன.

"கேப்பைக் கொல்லையில குருவி ஓட்டியே பழகின கைடி. தானா தட்டிடுச்சு."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

காத்திருந்தோம். நாரைகள் மறுபடி இறங்கின. அம்மா விறுவிறுவென்று முன்னால் போக, அவை தலையைத் தூக்கின.

"நில்லும்மா. என் பின்னால வா."

என் கால் விடுகிற வேகத்தில் மெல்ல மெல்ல நடந்தேன். ஒரு நாரைகூட அசையவில்லை. பத்தடி தூரம்வரை போய்விட்டோம். ஏரிக்குப் பறவை பார்க்க வருகிற யாரும் இவ்வளவு பக்கத்தில் போய் நான் பார்த்ததில்லை.

அம்மா என் காதருகே கிசுகிசுத்தாள்: "நல்லாத்தான் நடக்கற. அடுத்த வாரம் எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"