எல்லாச் சீட்டிலும் ஒரே வசனம்

கடவுளின் குரலை நான் ஒருமுறை போலியாகச் செய்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... பின்னால் சொன்னால் அழகுபடுத்திவிடுவேன்.

அந்த யோசனை உதித்தது பஹ்ரைனில், காலையில் சைட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில். பக்கத்தில் சுப்பையா அண்ணன். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், கம்பி கட்டுகிறவர். நான் ஆட்களின் வருகையை நம்பர் வாரியாகக் குறிக்கும் டைம் கீப்பர், பி.எஸ்ஸி. முடித்த கையோடு விமானம் ஏறிய பாளையங்கோட்டைக் கிறிஸ்தவன். சில மாதங்களாகவே அவர் என்னிடம் இயேசுவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். விவாதம் செய்வதற்காக அல்ல. தாகத்தோடு.

அன்று சொன்னார்: “உங்க சாமிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கேன் தம்பி. கேம்ப்ல இத்தனை பேரு ஒரே நீலச் சட்டையில திரியுறோம். போர்மேன் எல்லாரையும் ‘பாய்’னுதான் கூப்பிடுறான். உங்களுக்கே நான் ஒரு நம்பருதான். அவருக்காச்சும் என்னைய அடையாளம் தெரியுதான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல. சொல்லும்போது சொல்லட்டும்.”

அவருக்கு அவசரமில்லை. எனக்குத்தான் இருந்தது!

வெள்ளிக்கிழமைதோறும் ஈசா டவுனில், யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் வீட்டில் நாங்கள் ஜெபத்துக்குக் கூடுவோம். புது வருடத்தின் முதல் கூடுகையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பது எங்கள் வழக்கம். மடித்த சீட்டுகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள், ஆளுக்கொன்று எடுப்போம். அதில் உள்ள வசனமே அந்த ஆண்டுக்குக் கடவுள் தந்த வார்த்தை. சீட்டு எழுதுவதும் தட்டு நீட்டுவதும் என் பொறுப்பு.

அந்த வருடம் சுப்பையா அண்ணனையும் அழைத்துப் போனேன். கடைசியில் உட்காரவைத்தேன். மற்றவர்கள் எடுத்து முடித்ததும், மீந்த சீட்டுகளை ஒரு பக்கம் அள்ளிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த வேறு ஏழெட்டுச் சீட்டுகளைத் தட்டில் போட்டேன். எல்லாவற்றிலும் ஒரே வசனம். கடவுள் மனிதனைப் பெயர் சொல்லி அழைப்பதைச் சொல்லும் வசனம்.

எழுத்துக் கூட்டிப் படித்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஹாலே துதித்தது. சில மாதங்களில் அவருக்கு ஞானஸ்நானம். ஓர் ஆத்துமாவைக் கொண்டுவந்தவன் என்று என் தோளைத் தட்டினார்கள்... நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது தாழ்மை என்று நினைத்தார்கள்.

உண்மையாய்த் தேடுகிறவனைக் கடவுளே கைபிடித்து நடத்துவார். அதே ஜெப வீட்டில் இதை எத்தனை முறை முழங்கியிருப்பேன்! அதை நான் நம்பியிருந்தால் சட்டைப் பையில் சீட்டு எதற்கு?

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அந்த ஆண்டு கோடையில் சுப்பையா அண்ணனின் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதாக ஊரிலிருந்து தந்தி வந்தது. கம்பெனி லீவு தரத் தயாராக இருந்தது. அவர் என் அறைக்கு வந்தார்.

“அந்தத் தட்டை எடுங்க தம்பி. போகவா, இருக்கவான்னு கேட்டுப்புடுவோம்.”

அன்று தட்டிலிருந்து அள்ளிய, மீந்த சீட்டுகள் என் பெட்டியில் கிடந்தன. தட்டில் கொட்டி நீட்டினேன். பொறுமையோடு காத்திருக்கச் சொல்லும் வசனம் வந்தது.

“இருக்கச் சொல்றாரு” என்றார்.

அந்தக் கணத்தைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். ‘அண்ணே, அன்றைக்கு வந்தது என் கையெழுத்து மட்டுமல்ல, என் வேலை. ஊருக்குக் கிளம்புங்கள்!’ ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

“ஜெபம் பண்ணிட்டு முடிவெடுங்கண்ணே.”

பக்தியான வாக்கியம். என்ன கோழைத்தனம்!

அவர் ஊருக்குப் போகாமல் இருந்துவிட்டார். அப்பா இறந்துபோனார். கடைசிவரை மகனைக் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பின்னால் செய்தி வந்தது. நான் ஆறுதல் சொல்லப் போனேன். அவர் என்மேல் குறைப்படவில்லை, கடவுள்மேலும் இல்லை. கட்டிலில் இடம் விட்டு என்னை உட்காரச் சொன்னார். பேச்சுவாக்கில்தான் அதைச் சொன்னார்.

“அந்த வெள்ளிக்கிழமை உங்க கூட வர பஸ்ஸுக்கு நிக்கயிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு தம்பி. யாரும் சொல்லல. என்னைய அவருக்குத் தெரியும்னு மனசுக்குள்ள அப்படி ஒரு நிம்மதி. அப்புறம் சீட்டு வந்தப்பதான், ஓகோ, இவரு சீட்டுலயும் பேசுவாரு போலன்னு கண்டுக்கிட்டேன்.”

புரிகிறதா உங்களுக்கு? கடவுள் எனக்கு முன்பே வந்து போயிருக்கிறார்! என் சீட்டு சுப்பையா அண்ணனுக்கு விசுவாசத்தைத் தரவில்லை. தட்டைக் கேட்டு நடக்கும் பழக்கத்தை மட்டும் தந்தது. அந்தப் பழக்கம் ஒரு தகப்பனின் கடைசிப் பார்வையைத் தின்றது.

அப்போதும் நான் சொல்லவில்லை...

வருடங்கள் ஓடிவிட்டன. அவர் வேறு கான்ட்ராக்டில் ஓமானிலுள்ள சோஹாருக்குப் போய்விட்டார். அங்கிருந்து வந்த ஒருவர் சென்ற மாதம் பெருமையாகச் சொன்னார்: கேம்பில் சுப்பையா அண்ணன் ஜெபக்குழு நடத்துகிறாராம். அவருடைய கட்டிலுக்கடியில் ஒரு பவுடர் டப்பா நிறையச் சீட்டு. லீவில் போவதா, பெண்ணைக் கட்டிக்கொடுப்பதா, வயிற்று வலிக்கு ஆபரேஷன் செய்துகொள்வதா... கேம்ப் ஆட்கள் வரிசையில் நின்று எடுக்கிறார்களாம்.

ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் போயிற்று.

சொன்னால் அவர் விசுவாசம் இடிந்துவிடுமே என்று இத்தனை காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். அவருக்காக அஞ்சினேனா, என் பெயருக்காகவா? அவரைத் தாங்கி நிற்பது என் சீட்டுத்தான் என்றல்லவா நினைத்திருக்கிறேன்! அன்றும் கடவுளை நம்பவில்லை. இன்றும்...

ஓமான் விசா வந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை, அவருடைய கூட்டம் தொடங்குமுன் போய்விட வேண்டும். டப்பாவை நடுவில் வைத்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் வாக்கியம் இன்னும் அமையவில்லை. அவரை அண்ணே என்று கூப்பிட எனக்கு வாய் வருமா என்பதும் தெரியவில்லை.