சிலிண்டர் சத்தத்துக்கு ஒரு பெயர்

கெய்ரோவின் இம்பாபாவில் கேஸ்காரன் கூவமாட்டான். ஸ்பானரால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டே வருவான். அன்று மாலை அந்தத் தட்டல் கேட்டதும் சந்து முழுக்கக் காலி சிலிண்டரோடு இறங்கிவிட்டது. இதை எழுதுபவனும் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். வண்டியைக் காணோம். சத்தம் மூன்றாம் மாடி பால்கனியில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு ராவியா தலையை நீட்டினாள்.

“ஏண்டி, கேஸ் எங்கடி?” என்று கத்தினாள் உம்மு பஹ்கத்.

“கேஸ் இல்ல பெரியம்மா, பாட்டு!”

“பாட்டா? என் இடுப்பு போச்சே, நீயாடி வந்து தைலம் தேய்க்கப்போறே?”

சந்தே சிரித்தது. ராவியாவுக்கு ஏச்சு புதிதல்ல. கரண்டி, தாம்பாளம், சைக்கிள் சக்கரம் என்று எதைக் கண்டாலும் அதன் அதிர்வைப் பிடிக்க ஒரு சின்ன மைக்கை அதில் ஒட்டிவிடுவாள். ஒரே ஒரு தட்டலைக் கணினியில் இழுத்து இழுத்து, நைல் படகின் சங்கொலி போல அலறவிடுவாள். குளிர்காலம் முழுக்க உழைத்து அந்தப் பாட்டை முடித்திருந்தாள். கலை மன்றம் அதைத் தன் விழாவுக்கு எடுத்துக்கொண்டது.

சுவரொட்டி வந்தது. அந்தப் பாட்டோடு ஊத் என்ற மர நரம்பு வாத்தியம் வாசிப்பவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில், ‘பின்னணியில் தெரு ஓசைகள்’. ராவியாவின் பெயரும் இல்லை, பதிவுக்காகச் சிலிண்டரைத் தட்டித் தந்த கேஸ்காரன் ஃபத்ஹியின் பெயரும் இல்லை. இரண்டையும் அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

நேரே மன்றத்தின் மேலாளர் நப்ஹானின் அறைக்குப் போனாள்.

“கோபப்படாதம்மா. தட்டினது கேஸ்காரன், மிச்சத்தப் பண்ணினது கம்ப்யூட்டர். இதுல நீ எங்க இருக்கே?”

“சரி, அப்ப ஃபத்ஹி பேரையாவது போடுங்க உஸ்தாத்.”

“கேஸ்காரன் பேரையா? இந்த மண்டபத்துலயா?” அவர் சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டது.

“ஊத்துக்காரர் பேர மட்டும் ஏன் போட்டீங்க? ‘மரத்தின் ஓசை’ன்னு போடறதுதானே?”

சிரிப்பு நின்றது. “பேர் வேணும்னா விழா இல்ல. யோசிச்சுக்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் கேஸில் அவர்கள் அடுப்பு எரிய வேண்டும், எங்கள் சத்தம் அவர்கள் மேடையை நிரப்ப வேண்டும், எங்கள் பெயர் மட்டும் கசக்க வேண்டுமா? ராவியா பதிவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

இப்போது வியாழன் மாலைகளில் சந்திலேயே வாசிக்கிறாள். அவள் கட்டட வாசற்கதவில் ஃபத்ஹி, ராவியா என்று இரண்டு பெயரும் பெயிண்டில் இருக்கின்றன. பாட்டு நாளில் பால்கனியில் சிவப்புத் துணி தொங்கும். அதைப் பார்த்தால் யாரும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதில்லை. கலை மன்றத்தில் அவள் இன்றுவரை வாசிக்கவில்லை.