ஆளைப் பார்த்தால் எரியும் விளக்கு

கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டுவது என் தொழில். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி கூப்பிட்டார். கடை முகப்பில், கண்ணாடிக்குள், பட்டுப்புடவை கட்டிய பொம்மை. ரோட்டில் ஆள் வந்தால் அதைச் சுற்றி விளக்கு ஓட வேண்டும். போனால் அணைய வேண்டும். சென்னையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

சென்சார் வேலை எனக்குப் புதிது. நன்றாக வந்தால் கடைவீதி முழுக்க என்னைக் கூப்பிடும். சொதப்பினால் மறுபடி மூங்கில் கம்பம் ஏற வேண்டியதுதான். முட்டி வலிக்கிறது. ஒத்துக்கொண்டேன்.

வெளியே வைத்தால் மழையில் நனையும் என்று சென்சாரைக் கண்ணாடிக்கு உள்பக்கம் மேல் மூலையில் மாட்டினேன். உள்ளேயே நின்று கையை ஆட்டினேன். எரிந்தது.

திறப்பு அன்று முதலாளி உள்ளே போய் பொம்மைக்குக் கற்பூரம் சுற்றினார். சாமிக்குக்கூட அவ்வளவு பொறுமையாகச் சுற்றியிருக்க மாட்டார். விளக்கு ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். கடையிலேயே மலிவான துண்டு.

மறுநாள் ரோட்டில் நின்றவர்களுக்கு எரியவில்லை. ஒருவர் கையை ஆட்டினார். ஒருவர் குதித்தார். நானும் குதித்தேன். பொம்மை சும்மா நின்றது. என்னைத் திட்டுவதற்காக முதலாளி, பொம்மையை ஒட்டி இருந்த கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். எரிந்தது.

"இன்னாய்யா, எனக்கு எரியுது, உனக்கு எரியலயே?"

"தெர்ல மொதலாளி."

"மொதலாளி யாருன்னு அதுக்குத் தெரியுது. உனக்குத்தான் தெர்ல."

கோபம் போய்விட்டது அவருக்கு. இன்னும் இரண்டு தடவை நடந்து பார்த்துக்கொண்டார்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். அது உடம்புச் சூடு அசைந்தால் எரிகிற சாமான். அந்தச் சூடு கண்ணாடியைத் தாண்டாது. நான் உள்ளே ஆட்டிய கையும் அவர் சுற்றிய கற்பூரமும்தான் அதற்குத் தெரிந்திருக்கின்றன. தப்பு என்னுடையது. போய்க் கழற்றி, வெளியே ஷட்டருக்கு மேலே மாட்டினேன்.

கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் கடை முன்னால் பஸ்ஸுக்கு வந்து நின்றார்கள். விளக்கு ஓடியது. அசையாமல் நின்றார்கள். அணைந்தது.

"ஆடுடி, மறுக்கா எரியும்."

"நீ ஆடு. என் தலையில புளிமூட்ட இருக்கு."

"மூட்டையோட ஆடு. ஜாஸ்தி எரியும்."

ஆடினார்கள். கூட்டம் கூடியது. முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இதுங்களுக்கெல்லாம் எரியுதே! வாங்கறவங்களுக்கு மட்டும் எரியற மாரி வைக்க முடியாதா?"

"அதுக்கு மிஷின் வர்ல மொதலாளி. நீங்களே பொம்ம பக்கத்துல நின்னுக்கினு, ஆளப் பாத்து சுவிச்சு போடணும்."

"வாய் ஜாஸ்தி உனக்கு. பழைய எடத்துலயே வை."

"அங்க வெச்சா உங்களுக்கு மட்டும்தான் எரியும்."

"எரியட்டும். என் கடை."

வைத்தேன். பெயர் கெட்டது, இனி கம்பம்தான் என்று ஏணியை மடக்கினேன். எதிரே செருப்புக்கடை பாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நம்ம கடைக்கு ஒண்ணு வைங்க. வெளியவே வைங்க."

"யாருக்கு எரியணும் பாய்?"

"கால் இருக்கறவங்களுக்கெல்லாம்."

இப்போது பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பாய் கடைப் பக்கம்தான் நிற்கிறார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு கடையில் கூப்பிட்டிருக்கிறார்கள். எதிரே பட்டுப்புடவை பொம்மை சும்மா நிற்கிறது. எப்போதாவது விளக்கு ஓடும். முதலாளி டீ குடிக்க எழுந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம்.