கன்னடத்திலும் வராத வார்த்தை

தங்கலட்சுமி அக்கா இப்போது திருச்சுழியிலும் நரிக்குடியிலும் நர்சுகளுக்கும் பெண் போலீசாருக்கும் வகுப்பெடுக்கிறார். புருஷன் கையால் தலையில் அடிபட்ட பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார். கேட்கிறவர்கள் எல்லாம் ‘அம்மாவுக்கு எவ்வளவு அனுபவம்’ என்று வியக்கிறார்கள். அந்த அனுபவம் எப்படி வந்தது என்பதைப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

என் பெயர் ஸ்ரீமதி. அருப்புக்கோட்டை நெசவு வீட்டுப் பெண். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். அக்கா நரிக்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. அருப்புக்கோட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பெண்கள் உதவி மையத்தில் அவர் ஆலோசகர். நான் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறவள்.

அக்காவுக்கு வாய் ஜாஸ்தி. பன்னிரண்டு வருஷ சர்வீஸ். நான் வந்த மூன்று வருஷத்திலேயே எத்தனையோ மீசைக்காரர்கள் அவர் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன். “ஏய்யா, பொம்பளைய அடிக்கத்தான் ஒங்காத்தா ஒன்னையப் பெத்துப் போட்டாகளா?” என்று ஆரம்பித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வருகிற பெண்ணை, நடந்ததை மூன்று தடவை சொல்லவைப்பார். மூன்றும் ஒத்துப்போனால் உண்மை. மாறினால் எதையோ மறைக்கிறாள். “என் கண்ணப் பாத்து ஒருத்தி பொய் சொல்லிர முடியாது ஸ்ரீமதி” என்பார். நானும் தலையாட்டுவேன். டைப் அடிக்கிறவளுக்கு எதற்கு வம்பு?

போன ஐப்பசியில் நான் இரண்டு நாள் லீவு. அந்த நேரம் பார்த்துத்தான் சுபலட்சுமி வந்தாள். இருபத்தெட்டு வயது, எங்களைப் போல நெசவு வீட்டு மருமகள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ போன் பண்ண, ஒரு பெண் போலீஸ் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அக்கா கேட்ட கேள்விக்கு அவள் ஒரு வார்த்தை சொன்னாள், நிறுத்தினாள். முதல் தடவை செவ்வாய்க்கிழமை என்றாள், அடுத்த தடவை வெள்ளி என்றாள். தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் தம்ளரைக் காட்டி “அது... அது...” என்றாள்.

அக்கா என்ன நினைத்தார் தெரியுமா? கன்னடம் பேசுகிற பெண், தமிழ் தடுமாறுகிறது என்று நினைத்தார். பின்னாலேயே வந்து வாசலில் நின்ற நாத்தனார் பாலாமணியை உள்ளே கூப்பிட்டு, “நீங்க கேட்டுச் சொல்லுங்கம்மா” என்றார். புருஷன் வீட்டு ஆளை உள்ளே விடக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. அதைப் போட்டவரே அக்காதான்.

பாலாமணி கன்னடத்தில் என்ன கேட்டாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். “தறியில கால் தட்டி விழுந்துட்டாளாம். யாரும் அடிக்கலையாம். வீட்டுக்குப் போகணும்ங்கிறா” என்றாள். அக்கா அதை அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகல் ஒன்றையும் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஆறாவது நாள் காரியாபட்டியில் ஒரு மண்டபத்தில் எங்களுக்குப் பயிற்சி. மதுரையிலிருந்து வந்த டாக்டரம்மா பேசினார். மண்டைக்குள் பட்ட அடி வெளியே தெரியாது என்றார். கழுத்தை நெரித்தால் தோலில் தடம்கூட விழாமல் இருக்கலாம், ஆனால் மூளைக்கு ரத்தம் போகாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரமே போதும் என்றார். “அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுக்கு நாள் கிழமை குழம்பும், வார்த்தை வராது, குரல் கரகரக்கும். நாம உடனே முடிவு பண்ணிடுவோம், நடிக்கிறா, பொய் சொல்றா, பாஷை தெரியலைன்னு. அவளத் திருப்பி அனுப்பி, தலையில இன்னொரு அடி விழுந்தா உயிரே போயிரலாம்.”

அக்கா என் முழங்கையைப் பிடித்தார். 

“ஸ்ரீமதி, ஒங்க ஆளுகளுக்குத் தமிழ் சரியா வராதுல்ல?”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “ஏங்க்கா, மூணு வருஷமா நான் ஒங்ககிட்ட எந்தப் பாஷையில பேசிக்கிட்டிருக்கேன்? நாங்க இங்கனயே பொறந்து இங்கனயே படிச்சவுக. தடுமாற எங்களுக்கு என்ன கேடு?”

அப்போதுதான் சுபலட்சுமி வந்துபோன கதையை ஒன்றுவிடாமல் சொன்னார்.  “அவளுக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு நெனச்சு சுக்குக் காப்பி வாங்கிக் குடுத்தேன்டி, பாவி நான்” என்றார். அவர் என்னை ‘டி’ போட்டது அன்றைக்குத்தான்.

சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார். இரண்டு பேரை அனுப்புகிறோம், கொஞ்ச நேரமாகும் என்றார்கள். பக்கத்து வீட்டு நம்பரை யாரும் எடுக்கவில்லை. கல்குறிச்சி தாண்டுவதற்குள் அக்கா எட்டுத் தடவை அடித்துப் பார்த்தார். எனக்கு அவர் மேல் கோபம், பரிதாபம், பயம் எல்லாம் ஒன்றாக வந்தது. 

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. உள்ளே ஒருத்தி கத்தினாலும் வெளியே கேட்காது. வாசலில் சுபலட்சுமியின் புருஷன் கார்த்தீஸ்வரன், வெள்ளைச் சட்டையோடு மரியாதையாக நின்றான்.

“தலவலின்னு நேத்துலருந்து படுத்தே கெடக்கா மேடம். நல்லாத் தூங்குறா. நாளைக்கு வாங்களேன்.”

நான் அக்காவைப் பார்த்தேன். இந்நேரம் அவர் போடுகிற சத்தத்தில் தெருவே கூடியிருக்க வேண்டும். ஆனால் டாக்டரம்மா சொல்லியிருந்தார், நாம் போடுகிற சத்தத்துக்கு நாம் போன பிறகு அவள்தான் அடி வாங்குவாள் என்று. அக்கா சிரித்தார். அப்படி ஒரு பொய்ச் சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

“ஒண்ணுமில்ல தம்பி, ஆதார் நம்பரத் தப்பா ஏத்திப்புட்டோம். எங்க ஆபீஸர் வையிறாரு. அவுகள ஒரு நிமிஷம் நேர்ல பாத்துச் சரிபண்ணிட்டுப் போயிருவோம்.”

அவன் யோசித்தான். வழி விட்டான்.

சுபலட்சுமி இருட்டறையில் பாயில் கிடந்தாள். பக்கத்தில் வாந்தி. எழுப்ப எழுப்பக் கண் சொருகியது. நான் குனிந்து கன்னடத்தில், சின்னக் கேள்வியாக, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். அவள் உதடு அசைந்தது. கை தலைக்குப் போனது. தலை என்பதற்கான வார்த்தையை, எங்கள் வீடுகளில் பால் குடிக்கிற பிள்ளை சொல்கிற வார்த்தையை, அவள் தேடினாள். கிடைக்கவில்லை.

“அக்கா, கன்னடத்துலயும் அவளுக்கு வார்த்தை வரல” என்றேன். 

அக்கா அங்கேயே 108-ஐக் கூப்பிட்டார். அவ்வளவுதான், கார்த்தீஸ்வரனின் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. “யாரக் கேட்டு ஆம்புலன்ஸு? வெளிய போங்கடி” என்று கதவைச் சாத்த வந்தான். அக்கா நிலைப்படியிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். கதவு அவர் தோளில் இடித்தது. இன்னொரு முறையும் இடித்தது. அவர் அசையவில்லை, சத்தமும் போடவில்லை. போலீஸ் வண்டியும் ஆம்புலன்ஸும் வந்து சேர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் நான் சுபலட்சுமியின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. மண்டைக்குள் பழைய ரத்தக்கட்டின் மேல் புதிதாக ஒன்று இருந்ததாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள்.

பிழைத்துவிட்டாள். ஆனால் பதினெட்டாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்றதும் புருஷன் வீட்டார், அக்கா கொடுத்தனுப்பிய நகலோடு ஆஸ்பத்திரியில் வந்து நின்றார்கள். அவளே விழுந்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள், எங்கள் மருமகளை எங்களோடு அனுப்புங்கள் என்றார்கள். அவளைப் பெற்றவரும் வாழவேண்டிய பெண் என்று முணுமுணுத்தார். எங்கள் மையத்துச் செயலாளர் நாகராஜ் அக்காவைத் தனியே கூப்பிட்டு, “பழைய பேப்பர நோண்டாதீக. ஒங்க வேலைக்குத்தான் ஆபத்து” என்றார்.

அடுத்த நாள் காலையே அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சுபலட்சுமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பினாள். “நீங்க... யாருக்கா?” என்றாள்.

எங்கள் மையத்துக்கு வந்ததே அவளுக்கு நினைவில்லை. அக்கா நினைத்திருந்தால், உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றியவள் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

“நான் தங்கலட்சுமி” என்றார் அக்கா. ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “நீங்க உதவி கேட்டு எங்கிட்ட வந்தீக. ஒங்களால பேச முடியல. நான் ஒங்க நாத்தனாரக் கேட்டேன். அவுக சொன்னத எழுதினேன். நீங்க விழுந்தேன்னு ஒங்க வாயால சொல்லல. ஒங்கள அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினது நான்தான்.”

சுபலட்சுமி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

“எழுதிக் குடுங்க” என்றாள். “நாளைக்கு எனக்கு... மறந்துரும்.”

அக்கா இரண்டு தாளில் எழுதினார். ஒன்று போலீசுக்குப் போனது. அதனால்தான் சுபலட்சுமி அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை, மதுரையில் ஒரு காப்பகத்துக்குப் போனாள். அதனால்தான் அக்கா மூன்று மாதம் வேலையில்லாமலும் இருந்தார். மற்றொரு தாளைச் சுபலட்சுமி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

எழுதிக் கொடுத்த மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே அக்கா மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனார். “நீங்க யாருக்கா?” என்றாள் சுபலட்சுமி. அக்கா தலையணைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினார்.