கீழ்ச்சரிவிலிருந்து வந்தவள்

"நேர்ல பாக்காம வீடு எடுக்கக் கூடாது, ஷ்யாமளா..."

"விசா முடியறதுக்குள்ள யாரு பத்ரி நேர்ல போறது? வீடியோவைப் பாரேன்..."

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"அந்தம்மா லைன்ல இருக்காங்க."

அமெரிக்காவில், சான் ரமோனில் என் மகளும் மாப்பிள்ளையும் இப்படி ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். கூட்டிச் சொல்லவில்லை, அந்தக் காலை நான் அங்கேதான் இருந்தேன். பத்ரிக்கு வேலை போய்விட்டது. ஷ்யாமளாவுக்கு இங்கிலாந்தில் கிடைத்திருந்தது. அங்கே ஒரு சின்ன கிராமத்தில் வாடகைக்கு வீடு. தரகர் பெண் போனைத் தூக்கிக்கொண்டு நடக்க, எங்கள் டிவியில் அந்த ஊர் வந்தது.

மேட்டில் ஒரே வரிசையாகக் கல் வீடுகள். கீழே ஆறு. ஆற்றோரம் தன்னந்தனியாக ஒரு சர்ச். சுற்றிலும் மேடும் பள்ளமுமாகப் புல்வெளி.

சர்ச் மட்டும் ஏன் அங்கே என்று பத்ரி கேட்டான். முன்பு ஊரே அங்கேதான் இருந்ததாம். கொள்ளைநோயில் பாதிப் பேர் போக, மிஞ்சியவர்கள் மேலே வந்து கட்டிக்கொண்டார்களாம்.

தரகர் பெண் அந்த வாடகை வீட்டுக் கதவைத் திறந்தாள். பேசாமல் ஒதுங்கி நின்றாள்.

வாசலில் இன்னொருத்தி.

நீளப் பாவாடை நனைந்திருந்தது. வெறுங்கால். என்னையே பார்த்தாள்.

வாசலில் ஒருத்தி நிற்கும்போது சும்மா இருக்க நமக்கு வருமா?

"வாங்க, உள்ள வாங்க" என்றேன்.

காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"யாரைக் கூப்பிடறீங்க, அத்தை? அங்க யாரும் இல்லையே."

திரை அணைந்தது.

சொட்... சொட்...

எங்கள் ஹாலில்.

சோபாவில் படம் வரைந்துகொண்டிருந்த பேத்தி விஷாகா தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டு.

அங்கே கை வைத்தேன். ஈரம்.

மறுநாள் ஷ்யாமளா நடந்ததைச் சொன்னதும் தரகர் பெண் போனில் விளக்கினாள். அந்த ஊரில் யாரையும் வாயால் உள்ளே அழைப்பதில்லை. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கொள்ளைநோயில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, ஆற்றோரத்திலிருந்து நனைந்த பாவாடையோடு மேடேறி வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினாளாம். ஒரே ஒரு வீட்டில் உள்ளே வரச் சொன்னார்கள். சில நாள் அந்த வீட்டுக் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அப்புறம்... இரண்டு பேரையும் காணவில்லை.

அந்த வீடே வேண்டாம் என்றுவிட்டோம்.

அவள் போகவில்லை.

இன்றும் விஷாகா தள்ளித்தான் உட்கார்ந்தாள். இன்று அவள் விரல்கள் மூடியிருந்தன... யார் கையையோ பிடித்திருப்பதுபோல.

நான் அந்த ஈரத்துக்கு எதிரே போய் நின்றேன்.

"கூப்பிட்டது நான்தான். குழந்தையை விட்டுடுங்க... நான் வரேன்."