ஹலீமா அக்கா தொலைபேசியில் விற்ற காளைகள்

ஹலீமா அக்கா போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் ஃபோன் எடுத்து, பிரெஞ்சில் சொல்லி அழுதாள்.

தொண்ணூறுகளில், இங்கே கனடாவில், டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் பேஸ்மென்ட் லாண்ட்ரியில் ஆறு வருடம் ஒன்றாக பெட்ஷீட் மடித்தோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அகதி, அவர் சோமாலியாவிலிருந்து.

முதல் நாளே இங்கிலீஷில் அவர் கேட்டது, ஊரில் எங்களுக்கு எத்தனை ஆடு என்று. இரண்டு என்றேன். பாவப்பட்டுத் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கணவர் இறந்தபிறகு, ஆண்கள் மட்டுமே பேரம் பேசும் சந்தையில் நின்று ஆடு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். இங்கே வந்தும் பாதி மனம் அங்கேதான்.

அவருடைய தம்பி யூசுப், எல்லைக்கு அப்பால் கென்யாவின் வடக்கில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். சந்தை நாளில் டவுனுக்கு வந்து ஒரு கடை ஃபோன் அருகே காத்திருப்பார். அக்கா காலை ஷிஃப்டுக்கு முன் ஹோட்டல் பேஃபோனிலிருந்து கார்டு போட்டு எடுப்பார்.

ஒரு வருடம் அங்கே மழையே இல்லை. காளைகள் மெலிவதற்குள் விற்றுவிடு, இருக்கிற புல் பால்மாடுகளுக்காவது போதும் என்றார் அக்கா. மெலிந்த மாட்டுக்கு வியாபாரி வைப்பதுதான் விலை என்று அவருக்குத் தெரியும்.

தம்பிக்குக் கோபம். மந்தை சிறுத்தால் என் மகனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், கனடாவில் இருந்துகொண்டு என் மாட்டை விற்கிறாயா என்று கேட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு சந்தை நாளும் அவர் வரவில்லை. அக்கா பெட்ஷீட்டை மடித்துக்கொண்டே இருந்தார்...

"திரும்ப எடுங்கோ அக்கா. தம்பியெண்டால் கோவிக்கத்தான் செய்யும்." அவசரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். எப்படியோ அவருக்கு விளங்கியது.

மூன்றாம் முறை பேசியது தம்பியின் மனைவி. மாடுகள்தான் அவருடையவை, ஆடுகள் என்னுடையவை, நான் விற்கிறேன், எப்படி என்று மட்டும் சொல்லுங்கள் என்றாராம்.

தனியாகப் போனால் விலையை அடிப்பார்கள், அயல் பெண்களின் ஆடுகளையும் சேர்த்துப் பெரிய சந்தைக்கு ஓட்டு, வழியில் இன்ன இன்ன இடத்தில் தண்ணீர் காட்டு... பேஃபோன் முன் நின்று கையை ஆட்டி ஆட்டி அக்கா பாதை சொன்னார். அன்று இருவருமே லேட். சூப்பர்வைசரிடம் நல்ல ஏச்சு.

ஆடுகள் நல்ல விலைக்குப் போயின. அதைப் பார்த்தபிறகுதான் யூசுப்பும் காளைகளை ஓட்டிக்கொண்டு போனார்.

பல மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு கசெட் வந்தது. லஞ்ச் பிரேக்கில் என் வாக்மேனில் ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்டோம்.

முதலில் மாடுகளின் சத்தம்... பிறகு ஒரு ஆண் குரல். அக்கா எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்து மந்தைகளில் நிறையச் செத்துவிட்டனவாம், எங்கள் பசுக்கள் தப்பி நிற்கின்றனவாம். மழை வந்துவிட்டதாம், மூன்று கன்றாம்.

கடைசியில் யூசுப் சொன்னதையும் சொன்னார். "உன் பேச்சைக் கேட்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது அக்கா. ஆனால் கேட்டேன்."

அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் ரீவைண்ட் பண்ணினார்.

யூசுப்பின் மனைவியும் அந்த அயல் பெண்களும் இப்போதும் சேர்ந்துதான் சந்தைக்குப் போகிறார்களாம். லாரியும் பிடிக்கிறார்களாம். இன்று மகள் சொல்லித்தான் தெரியும்.

நாளை மத்தியானம் அடக்கம். பனி கொட்டுமாம்... கொட்டட்டும்.

வாறன் அக்கா.